வேகத்தடைகளில் கொஞ்சம் செம்மண்

அத்தியாயம் ஏழு

பேப்பரில் போட்டோ வந்தால் எந்த மனிதனும் நாலு பேரிடம் காட்டுவான். பூதக்கண்ணாடி அன்று காலை அந்தப் பேப்பரை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், கடைசியில் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

பூதக்கண்ணாடி என்பது அவருடைய பெயர் இல்லை. துப்பறிவது தொழில் என்பதால் எவனோ ஒரு நிருபர் வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மையில் அவரிடம் அப்படி ஒரு கண்ணாடியே கிடையாது. படிக்கிற கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தினமும் வீட்டையே புரட்டிப் போடுகிறவர் அவர்.

போட்டோவில் அவர் ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். பாட்டிலின் லேபிளை யாரோ உரித்து அதன் கழுத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். கீழே கொட்டை எழுத்தில் 'அறுநூறு வருஷத்துச் சோடா!' என்று போட்டிருக்கிறது.

விஷயம் இதுதான். மலையடிவாரத்தில் ஒரு எஸ்டேட். அதன் குறுக்கே ராஜாக்கள் காலத்துப் பெருவழி ஒன்று ஓடியது, பாரவண்டிகளின் சக்கரம் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய பள்ளம் இன்னும் மண்ணில் அப்படியே கிடக்கிறது என்று சர்வே ஆபீஸிலிருந்து ஓர் அம்மா கண்டுபிடித்துச் சொன்னார். அது நிஜம் என்றால் எஸ்டேட் முதலாளி அங்கே வேலியும் போட முடியாது, பங்களாக்களும் கட்ட முடியாது. அவர் பூதக்கண்ணாடியைக் கூப்பிட்டார். இவரும் போனார். பள்ளத்தை ஒட்டி நீளமாக ஒரு மண்மேடு இருந்தது. அதில் கையை விட்டார், சோடா பாட்டில் வந்தது. போதாதா?

"இந்தம்மாவே பள்ளத்தைத் தோண்டி, அந்த மண்ணைப் பக்கத்துல கொட்டி, பழைய ரோடுன்னு கதை விட்டிருக்காங்க" என்று நேற்று டவுன் ஹாலில், ஊர் கூடியிருந்த விசாரணையில், மைக்கைப் பிடித்துச் சொன்னார். அதோடு விட்டாரா? பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி வண்டியோட்டிக்குத் தாகம் எடுத்திருக்கு, பாவம். சோடா குடிச்சிருக்கார்!" என்றார்.

ஹாலே அதிர்ந்தது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் சர்வேயரம்மாவின் மகள், காலேஜில் படிக்கிற பெண், அவளும் எல்லாரோடும் சேர்ந்து சட்டென்று சிரித்துவிட்டாள். மறுநிமிஷம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சர்வேயரம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பூதக்கண்ணாடிக்கு மட்டும் கேட்டது.

"நான் மேட்டைச் சொல்லவே இல்லையே சார். பள்ளத்தைத்தானே சொன்னேன்."

அந்த வார்த்தையும், வாயைப் பொத்திய அந்தக் கையும் ராத்திரி முழுக்க அவரைத் தூங்கவிடவில்லை. மறுபடி மறுபடி புரண்டு படுத்தார்.

"என்ன அத்தான், கப்பு வாங்கின ஆளு மாதிரியா இருக்கீங்க? கணக்குப் பரீட்சையில போனவன் மாதிரி உட்கார்ந்திருக்கீங்க" என்றபடி வந்தான் மச்சினன். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அவருக்கு உதவியாளன், டிரைவர், பை தூக்குகிறவன் எல்லாம் அவன்தான். சம்பளத்துக்குப் பேசுகிற வாய் இல்லை அவனுடையது, இலவசமாகவே பேசும். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டே எதிரில் உட்கார்ந்தான்.

"டேய், அந்தம்மா பொய் சொல்ற ஆள் மாதிரியா தெரிஞ்சுது உனக்கு?"

"நேத்து மைக்கைப் புடிக்கறதுக்கு முன்னாடி இதைக் கேட்டிருக்கலாமே. இப்ப பேப்பர்லயே வந்தாச்சு. இன்னைக்கு மத்தியானம் கமிட்டி ரூம்ல, ரோடு பொய்னு உத்தரவுல கையெழுத்து. அந்தம்மாவுக்கு வேலை காலி, முதலாளிக்கு வேலி ரெடி, நமக்கு பாராட்டு விழா."

வாசலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. குரலா அது, சம்மன்.

"ஏங்க, நேத்து நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போனீங்க?"

"ஆமா. ஏன்?"

"அப்புறம் ஏன் அவன் ஷூவெல்லாம் கரிமண்ணு, உங்க ஷூவெல்லாம் செம்மண்ணு? நம்ம மனைக்குப் போயிட்டு வந்தீங்களா?"

"நான் எங்க போனேன்? நேரா எஸ்டேட்டு, அங்கேர்ந்து டவுன் ஹால்."

"என்கிட்டயுமா மறைக்கறீங்க? சரி சரி. வாசலைக் கழுவியே என் இடுப்பு போச்சு."

"அக்கா, அவர் மேட்டு மேல நின்னு போட்டோவுக்கு போஸ் குடுத்துட்டு இருந்தார். நான் கீழ பள்ளத்துல பையைத் தூக்கிட்டு நின்னேன். முதலாளி வேற, தொழிலாளி வேறன்னு மண்ணுக்கே தெரிஞ்சிருக்கு பாரு."

பூதக்கண்ணாடி எழுந்து வாசலுக்குப் போனார். இரண்டு ஜோடி ஷூவும் படிக்கட்டில் ஈரம் காயாமல் கிடந்தன. குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"பள்ளத்துல தோண்டின மண்ணுதான் மேடுன்னு நேத்து நான் என்ன சொன்னேன்?"

"சொன்னீங்க. கைதட்டுனாங்க."

"பள்ளம் கறுப்புடா. மேடு செவப்பு."

மச்சினன் ஷூவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "மண்ணு வெக்கப்பட்டுச் செவந்திருக்குமோ?"

"வெக்கப்பட வேண்டியது மண்ணு இல்லடா. காரை எடு. ஏம்மா, அந்த ஷூவைக் கழுவாதே. அப்படியே ஒரு பையில போட்டுக் குடு."

போகிற வழியெல்லாம் அவர் மனசு ஒரு சந்து கிடைக்குமா என்று தேடியது. மேல்மண் கறுப்பாக இருந்து, ஆழத் தோண்டினால் செம்மண் வரலாம் இல்லையா? வந்தால் அவர் சொன்னது சரி. வரட்டும், வரட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே வந்தார். தான் தப்பிப்பதற்காக ஒரு பெண் பொய்க்காரியாக இருக்க வேண்டும் என்று வேண்டுகிறோமே என்று உறைத்ததும், சீட்டில் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்து உட்கார்ந்தார்.

எஸ்டேட் வாட்ச்மேன் இவர்களைப் பார்த்ததும் கேட்டை அகலத் திறந்தான். "சார், அந்த சோடா மேட்டர்! எங்க வீட்ல எல்லாரும் வயித்தைப் புடிச்சுட்டு சிரிச்சோம் சார்!" என்றான். பூதக்கண்ணாடி பல்லைக் காட்டவும் முடியாமல் மூடவும் முடியாமல் உள்ளே போனார்.

வெயில் அப்போதுதான் மலைக்கு மேலே ஏறி வந்திருந்தது. வெளிச்சம் சரிவின் மேல் படுத்தவாக்கில் விழுந்தது. காரிலிருந்து இறங்கியவர் கதவைச் சாத்த மறந்து நின்றுவிட்டார்.

போன வாரம் சர்வேயரம்மா போனில் சொல்லியிருந்தார். "காலையில வெயில் சாய்வா விழும்போது வந்து பாருங்க சார். உச்சி வெயில்ல ஒண்ணும் தெரியாது." இவர் உச்சி வெயிலில்தான் வந்தார். அதையும் விடாமல் டவுன் ஹாலில், "வெயில் ஏறினா காணாமப் போற ரோடாம்! இது ரோடா, பனித்துளியா?" என்று ஒரு போடு போட்டிருந்தார். அதற்கும் கைதட்டல்தான்.

நேற்று மேட்டை ஒட்டிய ஒரு பள்ளத்தைத் தவிர வெறும் புல்தரையாகத் தெரிந்த சரிவில் இன்று நிழல் நிரம்பிய பள்ளங்கள் தெரிந்தன. ஒன்று இல்லை, மூன்று. மேலே கணவாயிலிருந்து மூன்றும் தனித்தனியாக இறங்கி, பின்னல் மாதிரி ஒன்றோடொன்று சேர்ந்து பிரிந்து, கீழே ஓடையை ஆழமில்லாத இடமாகப் பார்த்துக் கடக்கிற இடத்தில் ஒன்றாகிவிட்டன. ஓடைக்கு அந்தப் பக்கமும் அதே அகலத்தில் தொடர்ந்தது. நேற்று வந்திருந்த எந்தக் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

மச்சினன் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "எதுக்கு அத்தான் மூணு?"

"ஒரு தடம் மழைக்குச் சேறாயிடுச்சுன்னா வண்டிக்காரன் என்ன பண்ணுவான்? பக்கத்துல நல்ல தரையாப் பாத்து ஓட்டுவான். கொஞ்ச வருஷத்துல அதுவும் தேஞ்சு பள்ளமாயிடும். அப்புறம் இன்னொண்ணு. பொய்யாத் தோண்டற ஆளு ஒண்ணு தோண்டினாப் போதும்னு இருப்பான். எவன் இடுப்பொடிய மூணு தோண்டுவான்?"

காரிலிருந்த கடப்பாரையை எடுத்து, பள்ளத்தின் அடியில் முழங்கை ஆழத்துக்குக் குத்திப் பார்த்தார். கறுப்பு. இன்னும் குத்தினார். கறுப்புதான். கடைசிச் சந்தும் அடைபட்டது.

"தோண்டின பள்ளம்னா எடுத்த மண்ணு பக்கத்துலயே கிடக்கணும். மத்த ரெண்டு பள்ளத்துக்கும் பக்கத்துல ஒரு கூடை மண்ணு இல்ல பாரு. சக்கரம் தேச்சுது, மழை கழுவிச்சு, எல்லாம் ஓடையோட போயிடுச்சு. மண்ணு இல்லாததுதாண்டா சாட்சி. நான் என்னடான்னா..."

"அப்ப இந்த மேடு?"

"யாரோ கொண்டுவந்து கொட்டினது. அந்தம்மா கொட்டல. ரோட்டைக் காப்பாத்தணும்னு விண்ணப்பம் குடுத்த நாள்லேர்ந்து அவங்களை கேட்டுக்குள்ளேயே விடல. இப்படி ஒண்ணு இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது."

மேட்டின் ஓரத்தில் ஒரு பெரிய குடை, அதன் கீழே ஒரு நாற்காலி. நேற்றுப் போட்டது இன்னும் எடுக்காமல் இருந்தது. பூதக்கண்ணாடி போய் அதில் உட்கார்ந்தார். வலது கையைச் சும்மா தொங்கவிட்டார். கை நேராக, நேற்று அவர் பாட்டிலை உருவிய துளையில் போய் நின்றது.

"இந்த நாற்காலியை யாரு இங்க போட்டா?"

"முதலாளிதான். 'டிடெக்டிவ் சாருக்கு வெயில் ஆகாது'ன்னு குடை வேற புடிச்சாரே."

"நான் எழுந்திருக்கக்கூட இல்லடா. உட்கார்ந்த இடத்துலேர்ந்தே துப்புக் கிடைச்சுது."

"நான் அதைத் திறமைன்னு நெனச்சேன்."

"நானும்தான்."

கிளம்பும்போது கேட்டைத் தாண்டியதும் முதல் வேகத்தடையில் கார் தூக்கிப் போட்டது. மச்சினனின் தலை கூரையில் இடித்தது. "இதை எந்த ராஜா போட்டான்? இதுக்கும் ஒரு கமிட்டி வெக்கணும்" என்று தடவிக்கொண்டான்.

"நிறுத்து!"

இறங்கிப் பார்த்தார். வேகத்தடையின் இறக்கத்தில், தாரின் வெடிப்புகளில், மழைக்குக் கரைந்தும் போகாமல் செம்மண் அப்பிக்கொண்டிருந்தது. கண் மின்னியது அவருக்கு. நேற்றிலிருந்து முதல்முறையாகத் தொழில் ஞாபகம் வந்தது.

"லோடு லாரி எங்க சிந்தும்? குலுங்கற இடத்துலதானே? மெதுவா ஓட்டு. ஒவ்வொரு தடையிலயும் நிறுத்து."

அடுத்த தடையிலும் செம்மண் இருந்தது. அதற்கடுத்ததில் ஒரு கை அள்ளலாம் போலக் கிடந்தது. நாற்சந்தி வந்தது. நேர் ரோட்டுத் தடை சுத்தமாக இருந்தது. வலது பக்கத்துத் தடையில் சிவப்பு. வலதில் திரும்பினார்கள். மரவாடியைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, தடை தடையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலேயே திட்டினார்.

"அத்தான், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்தம்மா செய்யற வேலையும் இதேதானே? அவங்க அறுநூறு வருஷத்து வண்டியைத் தேடினாங்க. நாம போன மாசத்து லாரியைத் தேடறோம். நம்மளைப் பாத்து யாராவது இப்ப சிரிச்சா எப்படி இருக்கும்?"

பஸ்ஸின் ஜன்னல்களில் இருந்து நிஜமாகவே சிலர் சிரித்துக்கொண்டுதான் போனார்கள். நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து மண்ணை முகர்ந்துகொண்டிருந்தார் பூதக்கண்ணாடி.

புதுக் குடியிருப்புப் பகுதிக்குள் நுழைந்தது பாதை. பாதி கட்டிய வீடுகள், கம்பி, ஜல்லி, நடுவில் ரோடு. ஒரு திருப்பம் வந்ததும் மச்சினன் தானாகவே காரை நிறுத்தினான்.

"என்னடா?"

"இதுக்கு மேல நீங்க இறங்கி மண்ணைப் பாக்க வேணாம் அத்தான். எனக்கு வழி தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தினமும் வர்ற வழிதான்." அவன் குரலில் கேலி இல்லை. "நீங்க மனை வாங்கினப்ப அந்தப் பக்கமா வந்ததோட சரி. அப்புறம் மேற்பார்வைக்கு என்னைத்தானே அனுப்பினீங்க."

திருப்பத்துக்கு அப்பால் ஒரு மனை. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழிகள், சுவரெல்லாம் செக்கச்செவேல் என்று, காலை வெயிலில் பளபளத்தன. முன்னால் பெயின்ட் காயாத பலகை: 'துப்பறியும் அலுவலகம், கட்டுமானப் பணி நடைபெறுகிறது.'

அவருடைய மனை. அவருடைய அலுவலகம். அவருடைய மண்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் எஸ்டேட் முதலாளி முதல்முறை பார்க்க வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னது இப்போது காதில் விழுந்தது. 'ஆபீஸ் கட்டறீங்களாமே டிடெக்டிவ் சார்! என் ஆளுங்களை விட்டுக் கடைக்கால் தோண்டித் தரேன். மண்ணையும் அவங்களே அள்ளிட்டுப் போயிடுவாங்க. நமக்குள்ள என்ன?' இவரும் குழைந்து குழைந்து நன்றி சொன்னாரே! மனைவி காலையில் ஷூவைப் பார்த்ததுமே கேட்டாளே, நம்ம மனைக்குப் போனீங்களா என்று! துப்பறிகிறவர் அவரா, அவளா?

"இன்னொண்ணு இருக்கு" என்றான் மச்சினன். மூலையில் வேலையாட்கள் போட்ட குப்பை குவியலாகக் கிடந்தது. அதில் சோடா பாட்டில்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் லேபிளை உரித்து முடிச்சுப் போட்டிருந்தது. "கை சும்மா இருக்காது எனக்கு, உங்களுக்குத்தான் தெரியுமே. நேத்து ஹால்ல நீங்க தூக்கிக் காட்டினப்பவே பாத்தேன். நம்மள மாதிரியே இன்னொரு கிறுக்கன் ஊர்ல இருக்கான் போலன்னு சிரிச்சுட்டு நின்னேன் அத்தான்."

பின்னால் ஒரு பெரிய கார் வந்து நின்றது. எஸ்டேட் முதலாளி இறங்கினார். வாட்ச்மேன் போன் பண்ணியிருப்பான்.

"வேலை நல்லா நடக்குதா டிடெக்டிவ் சார்?" என்று குழியை எட்டிப் பார்த்தார். "அருமையான மண்ணு. கைக்குள்ள அப்படியே நிக்குது."

"அந்தம்மா பேரை என் வாயால கெடுத்திட்டீங்க."

"நான் ஒரு வார்த்தை பேசல. பேசினதெல்லாம் நீங்க. நல்லாத்தான் பேசினீங்க." அவர் கோபமே படவில்லை. "இப்ப போய் மாத்திச் சொல்லப் போறீங்க, அப்படித்தானே? யோசிங்க. மண்ணு உங்க மனையோடது. பாட்டில் உங்க மச்சினன் குடிச்சது. கண்டுபிடிச்சது நீங்க. ஊர் என்ன சொல்லும்? இவனே மண்ணைக் குடுத்து இவனே கண்டுபிடிச்சான்னுதானே? நானும் மாட்டுவேன், இல்லைங்கல. ஆனா எனக்குப் பேர் போனாலும் எஸ்டேட் இருக்கும். உங்களுக்குப் பேரைத் தவிர வேற என்ன இருக்கு?"

"ஊர்ல எத்தனையோ பேர் இந்தத் தொழில்ல இருக்காங்க. ஏன் என்னைப் புடிச்சீங்க?"

"வேற ஆளுன்னா காடு மேடெல்லாம் அலைஞ்சு பாப்பாங்க. நீங்க நிழல்ல ஒரு நாற்காலி, எதிர்ல ஒரு கூட்டம் இருந்தாப் போதும்னு இருக்கற ஆளு. விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அந்தப் புழுதியும் சிவப்புதான். பூதக்கண்ணாடி தன் பலகைக்கு முன்னால் நின்றார். ஒருத்தர் நம்மைத் திட்டினால் கோபம் வரும். உள்ளதை உள்ளபடி சொன்னால் கோபம் கூட வராது, உடம்பெல்லாம் கூசும். அவருக்குக் கூசியது. யாரும் பார்க்காத இடத்தில் நின்றிருந்தும் கூசியது.

"அத்தான்" என்றான் மச்சினன் மெதுவாக. "நாம வாயை மூடிட்டு இருந்தா..."

"அந்தப் பொண்ணு நேத்து வாயை மூடினதைப் பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"அப்ப வண்டியை எடு."

கமிட்டி ரூமில் தலைவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். ரிட்டயர்டு ஜட்ஜ் அவர். இரண்டு பக்கமும் மூன்று நான்கு அதிகாரிகள். எதிரில் சர்வேயரம்மா, பக்கத்தில் மகள். பூதக்கண்ணாடி கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, சோபாவுக்கடியிலிருந்து எடுத்துவந்த பேப்பரை மேஜையில் விரித்தார். தன்னுடைய போட்டோவின் மேல் இரண்டு ஜோடி ஷூவையும் வைத்தார்.

"என்னய்யா இது, செருப்புக் கடையா?" என்றார் ஜட்ஜ்.

"ஐயா, இந்தக் கறுப்புப் பள்ளத்தோட மண்ணு. இந்தச் செவப்பு மேட்டோட மண்ணு. ரெண்டும் ஒண்ணு இல்ல. நேத்து நான் சொன்னது தப்பு."

எல்லாவற்றையும் சொன்னார். மூன்று பள்ளத்தையும் சொன்னார், நாற்காலியைச் சொன்னார், வேகத்தடைகளைச் சொன்னார். கடைசித் தடைக்கும் வந்தார். மச்சினன் பின்னாலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினான். குடித்துவிட்டு, அது யாருடைய மனை, யார் குடித்த பாட்டில் என்பதையும் சொன்னார்.

"அப்ப நீங்களும் கூட்டா?" என்றார் ஒரு அதிகாரி.

"இல்லைங்க. ஏமாந்தவன். ஆனா அதை நீங்க நம்பணும்னு கேக்கற யோக்கியதை எனக்கு இல்ல. காலையில வெயில் சாய்வா விழும்போது நீங்களே போய்ப் பாருங்க. அந்தம்மா முதல்லேர்ந்தே அதைத்தான் கேட்டாங்க."

ஜட்ஜ் ஷூக்களையே ரொம்ப நேரம் பார்த்தார். பேனாவை மூடினார். உத்தரவு நிறுத்திவைக்கப்படுகிறது, நாளைக் காலை கமிட்டி நேரில் போய்ப் பார்க்கும், அதுவரை எஸ்டேட்டில் ஒரு கல்லைக்கூட யாரும் அசைக்கக் கூடாது என்றார். மண் கொட்டிய லாரிகள் யாருடையவை என்று போலீஸ் விசாரிக்கட்டும், டிடெக்டிவும் ஊரை விட்டு நகரக் கூடாது என்றார். அது நியாயம்தான் என்று பூதக்கண்ணாடிக்கும் தோன்றியது.

சர்வேயரம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் எதிரில் போய் நின்றார் பூதக்கண்ணாடி. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"மன்னிச்சுடுங்கம்மா."

"இந்த ரூம்ல எத்தனை பேர் சார் இருக்காங்க?" என்று கேட்டார் அவர். குரலில் சூடு இல்லை, அளந்து பார்க்கிற குரல். "இந்த அதிகாரிங்க யாரும் நேத்து சிரிக்கல. சிரிச்சவங்க எல்லாம் வெளியில இருக்காங்க. காலையில பால் வாங்கப் போனேன். கடைக்காரர் எனக்குப் பாலோட ஒரு சோடாவும் எடுத்து வெச்சார். கடையே சிரிச்சுது. அங்க வந்து யார் மன்னிப்புக் கேப்பாங்க?"

சர்வேயரம்மா வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். நாளைக்குக் கமிட்டி வருவதற்குள் செய்ய வேண்டிய வேலை இருந்தது அவருக்கு. மகள் மட்டும் நகரவில்லை.

"நீங்க வாங்க சார்" என்றாள். "எந்தக் கடைன்னு நான் காட்டறேன்."

முதல் கடை பால்கடை. பூதக்கண்ணாடியைப் பார்த்ததுமே கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "வாங்க சார் வாங்க! நேத்து கலக்கிட்டீங்க. வண்டிக்காரனுக்குத் தாகம்! எப்படி சார் தோணுது உங்களுக்கு?"

"அது தப்புங்க. அந்த ரோடு நிஜம். அந்தம்மா சொன்னது அத்தனையும் நிஜம். நான்தான் சரியாப் பாக்காமப் பேசிட்டேன்."

"அப்படியா?" கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "இருந்தாலும் அந்த சோடா டயலாக் டாப்பு சார்!"

இன்னொரு தடவை சொன்னார். மண் யாருடையது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அப்போதுதான் கடைக்காரருக்கு விஷயம் சுவாரஸ்யப்பட்டது. உள்ளேயிருந்து பெண்சாதியைக் கூப்பிட்டார். "இங்க வா, இதைக் கேளு! இவரு மனை மண்ணை இவரே கண்டுபிடிச்சிருக்காரு!" பால் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். நேற்றைய அதே சிரிப்பு. அது எந்தப் பக்கமிருந்து வந்தால் எப்படிக் குத்தும் என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

இரண்டாவது சலூன். பாதி சவரத்தில் இருந்தவர் சோப்பு நுரையோடு சிரித்தார். மூன்றாவது டீக்கடையில், "அப்போ உங்களுக்கு எவ்வளவு சார் குடுத்தான்?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. மச்சினன் பேச வாயெடுத்தான். பூதக்கண்ணாடி வேண்டாம் என்று தலையசைத்தார். அவனும் தலையைக் குனிந்துகொண்டு, கையிலிருந்த டீ கிளாஸையே சுற்றிக்கொண்டிருந்தான். அவன் வாயிலிருந்து ஒரு ஜோக்கும் வராத சாயங்காலம் அது ஒன்றுதான்.

ஒவ்வொரு கடையிலும் அந்தப் பெண் வாசல் ஓரமாக நின்று கேட்டாள். எங்கேயும் அவள் சிரிக்கவில்லை. டீக்கடையிலிருந்து வெளியே வந்ததும் பூதக்கண்ணாடி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போதுமாம்மா? இன்னும் கோவமா என் மேல?"

"உங்க மேல இருக்கறது இருக்கட்டும் சார்." அவள் தரையைப் பார்த்தாள். "நேத்து நானும் சிரிச்சேன். அம்மா என்னைத் திரும்பிப் பாத்துட்டாங்க. வீட்டுக்கு வந்து அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. எனக்குச் சாப்பாடு போட்டாங்க."



அவள் துப்பட்டா நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அடுத்தது மருந்துக்கடை. அங்க நான் சொல்றேன். நீங்க பக்கத்துல நில்லுங்க."

"இல்லம்மா, ரெண்டு பேருமே சொல்லுவோம்" என்றபடி பூதக்கண்ணாடி படியேறினார்.